ஷிண்டிக்கை எங்கே குடிவைப்பது?

அலுவலகப் போர்ட்டலின் முகப்பில் விடுப்புக் கணக்கு, பிறந்தநாள் பட்டியல், வானிலை என்று குட்டிக் குட்டி கேட்ஜெட்டுகள் வேண்டும் என்று மேலாளர் கேட்டது 2010இல். கூகுள் 2007 நவம்பரில் அறிவித்த ஓபன்சோஷியல் (ஒரே கேட்ஜெட்டைப் பல தளங்களில் ஓட்டுவதற்கான பொது விதிமுறை) அப்போது எல்லோர் வாயிலும் இருந்தது. அதற்கு முன்மாதிரியாக எழுதப்பட்ட சர்வர்தான் அப்பாச்சி ஷிண்டிக். காசு கிடையாது, வார் கோப்பை (ஜாவா வலைச் செயலியின் பொதி) டாம்கேட் என்ற ஜாவா சர்வரில் போட்டால் ஓடும். எடுத்துக்கொண்டோம்.

ஓடியது. முதல் நாளே கேட்ஜெட் வந்தது, கூடவே ஜான் டோவும் ஜேன் டோவும் நண்பர்களாக வந்தார்கள்! அது அதனோடு வரும் மாதிரித் தரவு. நம் ஊழியர்களைக் காட்ட வேண்டுமானால் அதற்கான ஜாவா வகுப்புகளை நாமே எழுதி கைஸ் என்ற ஜாவா நூலகம் வழியாகச் செருக வேண்டும். எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. ஆனால் அது வெறும் வேலைதான். எங்கே நிறுவுவது என்பதில்தான் நான் மூன்று முறை மாறினேன்.

ஷிண்டிக் தானே ரூட்டில், அதாவது தள முகவரியின் வேரில், இருப்பதாக எண்ணிக்கொள்ளும். எங்கள் ரூட்டிலோ போர்ட்டல் உட்கார்ந்திருந்தது. அமைப்புக் கோப்புகளில் பாதைகளைத் திருத்தி, அதே டாம்கேட் 6இல் பக்கத்து வீடாக வைத்தேன். ஒரே டாம்கேட் என்பதால் போர்ட்டலின் ஆப்ஜெக்ட்டுகளை நேரே எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தது தப்புக் கணக்கு. ஒவ்வொரு வார் கோப்புக்கும் தனி கிளாஸ்லோடர் (ஜாவா வகுப்புகளை ஏற்றும் பகுதி), ஒன்றின் ஆப்ஜெக்ட் மற்றதற்கு எட்டாது. எப்படியும் தரவுத்தளத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது.

அப்புறம் ஒரு மாலை விளையாட்டாக, குக்கீயை, அதாவது தளம் பிரவுசரில் விட்டுவைக்கும் குறிப்பை, திரையில் அச்சிடும் ஒரு வரி கேட்ஜெட் எழுதினேன். போர்ட்டலில் நுழைந்திருந்த என் செஷன் எண் (வந்திருப்பது நான்தான் என்று போர்ட்டலுக்குக் காட்டும் அடையாளம்) பளிச்சென்று வந்து நின்றது. கேட்ஜெட்டை ஐஃப்ரேமுக்குள் (பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் சட்டம்) அடைப்பதே அது வேறு முகவரியிலிருந்து வந்தால்தான் பயன் தரும். முகவரி ஒன்றாக இருந்தால் ஐஃப்ரேம் வெறும் கோடுதான். யாரோ எழுதிய வானிலை கேட்ஜெட் நம் ஊழியரின் செஷனை அள்ளிக்கொண்டு போகலாம்.

சரி, இரண்டாவது டாம்கேட், தனி போர்ட் (முகவரியில் பெயருக்குப் பின் வரும் எண்) என்று மாற்றினேன். அதே கேட்ஜெட்டை ஓட்டினேன், அதே எண். போர்ட் மாறினால் பிரவுசர் பக்கத்தைத் தொட விடாது, ஆனால் குக்கீ போர்ட்டைப் பார்ப்பதே இல்லை. டாம்கேட் 7இல் செஷன் குக்கீயை ஜாவாஸ்கிரிப்டுக்கு மறைப்பது இயல்பாகவே வந்துவிட்டது. எங்களிடம் இருந்தது 6.

மூன்றாவது முறை தனி இயந்திரம், தனி டொமைன். கூகுளே தன் ஐகூகுள் முகப்புப் பக்கத்தின் கேட்ஜெட்டுகளை ஜிமாட்யூல்ஸ் டாட் காம் என்ற வேறு பெயரிலிருந்து கொடுத்ததன் காரணம் அன்றைக்குத்தான் உறைத்தது. ஐஃப்ரேமின் உயரம் சரிசெய்வதெல்லாம் கெடுமோ என்று பயந்தேன், பக்கத்துக்கும் ஐஃப்ரேமுக்கும் இடையே செய்தி கடத்தும் ஷிண்டிக்கின் ஆர்பிசி நூலகம் அதைச் சமாளித்துவிட்டது. கெட்டது வேறு. உள்ளே நுழைந்து கால் மணி நேரத்தில் கேட்ஜெட்டுகள் தூங்கிவிடுகின்றன என்று புகார். பார்ப்பவர் யார் என்று ஷிண்டிக்குக்குச் சொல்லும் டோக்கனின் ஆயுள் ஒரு மணி நேரம். அதைத் தயாரிக்கும் போர்ட்டல் இயந்திரத்தின் கடிகாரம் முக்கால் மணி நேரம் பின்தங்கியிருந்தது. கடிகாரத்தைப் பார்க்காதது என் தவறுதான்.

உண்மையில் இரண்டாவது இயந்திரமே தேவையில்லை. டாம்கேட்டின் சர்வர் அமைப்பில் இன்னொரு ஹோஸ்ட் பகுதி சேர்த்து, வேறு டொமைன் பெயர் கொடுத்தால் அங்கே ஷிண்டிக் ரூட்டாகவே உட்காரலாம். பாதை திருத்தும் வேலையும் மிச்சம். கடைசியில் நானும் அப்படித்தான் மாற்றிக்கொண்டேன். துணை டொமைன் வேண்டாம், முழுதும் வேறு பெயராக இருக்கட்டும். டோக்கனை இயல்பான பாதுகாப்பற்ற வகையில் விடாதீர்கள். இன்னொன்று: கேட்ஜெட் கேட்கும் வெளித் தரவை ஷிண்டிக்தான் போய் எடுத்துவரும், அதனால் அது உள் நெட்வொர்க்கில் எங்கெல்லாம் போகலாம் என்று ஃபயர்வாலில் கட்டுங்கள்.

மதிப்பெண்? பொருளுக்கு 5க்கு 3, அதன் ஆவணங்களுக்கு 1. அப்பாச்சி 2015இல் இதற்கு ஓய்வு கொடுத்துவிட்டது, புதிதாக யாரும் தொடங்க வேண்டாம். போர்ட்டலை மாற்றியபோது நான் நீக்க வேண்டியிருந்தது ஒரு ஹோஸ்ட் பகுதியையும் ஒரு டொமைன் பெயரையும் மட்டும்தான். ஜான் டோ அதற்கு ரொம்ப முன்னாலேயே போய்விட்டார்.