“கேபினட்டோட எஸ்எம்பிஎஸ் ஃப்ரீ” என்றால் வாங்காதீர்கள்: எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்

பாகங்களை வாங்கிச் சொந்தமாகக் கம்ப்யூட்டர் பூட்டப் போகிறவர்கள், அதிலும் வெளியூரிலிருந்து சென்னைக்கு வந்து ஒரே நாளில் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கேபினட் என்பது பாகங்களை வைத்துப் பூட்டும் பெட்டி, எஸ்எம்பிஎஸ் என்பது அவற்றுக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை. கடையின் பெயரை எழுதவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது. பெயரை விட, என்ன செய்தார்கள் என்பது தெரிந்தால் எந்தக் கடையிலும் உங்களுக்கு உதவும்.

நான் விழுப்புரத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். தனி ஆள். வீட்டின் முன்னறைதான் ஸ்டூடியோ. பழைய மெஷின் 4கே ஃபுட்டேஜைத் திறந்தாலே திணறியதால், சித்திரை முகூர்த்தங்கள் தொடங்குவதற்குள் புதிதாக ஒன்று பூட்டிவிடலாம் என்று அக்கா மகனும் நானும் முடிவு செய்தோம். பாலிடெக்னிக் படிக்கிறான், கை சுத்தமாக வேலை செய்வான். ரைசன் 5 5600 ப்ராசஸர், பி550எம் மதர்போர்டு, ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம் என்று ஒரு மாதம் பேசிப் பேசித் தேர்ந்தெடுத்தோம். கேபினட்டைப் பற்றி மட்டும் ஒருநாள்கூடப் பேசவில்லை. மிச்சம் இருக்கும் காசுக்கு ஏதோ ஒரு பெட்டி என்று விட்டுவிட்டோம். ஏமாந்தது அந்த இடத்தில்தான்.

சனிக்கிழமை காலை ரயிலில் எழும்பூர் வந்து, ஆட்டோ பிடித்து, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனோம். ப்ராசஸர், போர்டு, கார்டு எல்லாம் ஒரு கடையில் பில்லோடு வாங்கியாயிற்று. அவர்கள்மேல் எந்தக் குறையும் இல்லை, பெட்டியைப் பிரித்துக் காட்டித்தான் கொடுத்தார்கள். அவர்களிடம் கேபினட் ஸ்டாக் இல்லை. கையில் 3,000 ரூபாய்தான் மிச்சம். சந்துக்குள் இருந்த இன்னொரு கடைக்குப் போனோம்.

அங்கே ஷோகேஸில் ஒரு கேபினட் வைத்திருந்தார்கள். முன்பக்கம் முழுக்க வலை, உள்ளே மூன்று ஃபேன், பக்கவாட்டில் கண்ணாடி. பிடித்துப்போயிற்று. “இது 2,800 வரும் அண்ணா. 450 வாட் எஸ்எம்பிஎஸ் இதோடயே ஃப்ரீ. தனியா வாங்குனா அதுக்கே ரெண்டாயிரம் ஆகும்” என்றார் கவுன்ட்டரில் இருந்த பையன். கார்டுக்குக் கரண்ட் கொடுக்க எஸ்எம்பிஎஸ்ஸில் 8 பின் கனெக்டர் வேண்டுமே என்று மருமகன் கேட்டான். “கன்வெர்ட்டர் போட்டுத் தர்றேன், எல்லாரும் அப்படித்தான் ஓட்டுறாங்க” என்று ஒரு சின்ன வயரை எடுத்து வைத்தார். குடோனிலிருந்து சீல் பிரிக்காத பெட்டி வந்தது. பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். “சீல் பிரிச்சா ரிட்டர்ன் எடுக்க மாட்டாங்க அண்ணா, பீஸ் அதேதான்” என்றார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கியூஆர் ஸ்கேன் செய்து பணம் போட்டேன். கடையின் பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. பில் என்று கொடுத்தது ஒரு எஸ்டிமேட் சீட்டு. அதில் ‘கேபினட் 1’ என்பதைத் தவிர மாடல் பெயரோ ஜிஎஸ்டி எண்ணோ கிடையாது.

ராத்திரி வீட்டில் பிரித்தோம். முன்பக்கம் வலை இல்லை. கறுப்பு அக்ரிலிக் தகடு, மூடி போட்டதுபோல் அடைத்திருந்தது. காற்று உள்ளே போக இரண்டு ஓரங்களிலும் விரல் நுழையாத இடுக்கு மட்டும்தான். தகட்டுக்குப் பின்னால் ஃபேன் மாதிரி மூன்று வட்டம் தெரிந்தது. மருமகன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “மாமா, இதுல ரெண்டுல றெக்கையே இல்ல” என்றான். விரலை விட்டுப் பார்த்தேன். வெறும் பிளாஸ்டிக் வளையம், சுற்றி எல்இடி பட்டை. கரண்ட் கொடுத்தால் வண்ண வண்ணமாக எரியும், ஃபேன் சுற்றுவதுபோலவே தெரியும். உண்மையான ஃபேன் மூன்றில் ஒன்றுதான்.

முன்பக்க யுஎஸ்பி ஓட்டை இரண்டும் நீல நிறம். நீலம் என்றால் வேகமான யுஎஸ்பி 3.0 என்று நாம் நம்புவோம். உள்ளே போகும் கேபிளைப் பார்த்தால் போர்டின் 9 பின் யுஎஸ்பி 2.0 ஹெடரில் செருகும் மெல்லிய வயர். 3.0 என்றால் தடித்த கேபிளும் 19 பின் கனெக்டரும் இருக்கும். பிளாஸ்டிக்குக்கு மட்டும் நீலம் பூசியிருக்கிறார்கள். கேமரா கார்டிலிருந்து நூற்றுக்கணக்கான ஜிபி இறக்குகிற எனக்கு இது சின்ன விஷயம் இல்லை.

தகரத்தைப் பற்றி என்ன சொல்ல? பக்கப் பலகையை ஒரு மூலையில் பிடித்துத் தூக்கினால் மறுமூலை வளைந்து தொங்கியது. அட்டைப்பெட்டியில் தயாரிப்பாளர் பெயர், இறக்குமதியாளர் முகவரி, எம்ஆர்பி எதுவுமே இல்லை. பேக் செய்து விற்கும் பொருளில் இவை அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம்.

மறுநாள் போன் செய்தேன். “ஷோகேஸ்ல இருந்தது பழைய மாடல் சார், இது அப்டேட்டட். ஃபேன் வேணும்னா வாங்கி மாட்டிக்கோங்க” என்றார்கள். முதல் நாள் அண்ணா, மறுநாள் சார். திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க 160 கிலோமீட்டர் வர வேண்டும். அடுத்த வாரம் டெலிவரி கொடுக்க வேண்டிய இரண்டு கல்யாணம் கையில். சரி, இப்போதைக்கு ஓட்டுவோம் என்று பூட்டிவிட்டோம். இந்த முடிவை நினைத்து இன்றைக்கும் வருந்துகிறேன்.

ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோ ஃபைலாக மாற்றும் வேலை) போட்ட இருபதாவது நிமிடத்தில் ப்ராசஸர் 89 டிகிரி, கார்டு 86. அந்த ப்ராசஸரின் உச்ச வரம்பே 90தான். பக்கப் பலகையைக் கழற்றி வைத்ததும் பத்து நிமிடத்தில் கார்டு 72க்கு இறங்கியது. கேபினட் மூச்சு விடுகிறதா என்று தெரிந்துகொள்ள இதைவிட எளிய சோதனை இல்லை. மூடியிருக்கும்போதும் திறந்திருக்கும்போதும் ஒரே வேலையைக் கொடுத்துச் சூட்டைப் பாருங்கள். இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் என்றால் பரவாயில்லை. எனக்குப் பதினான்கு. சூடு ஏற ஏற ப்ராசஸரும் கார்டும் தங்கள் வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளும். அதனால் அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கார்டு பாதி நேரம் முழு வேகத்தில் ஓடவே இல்லை. பலகையைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் டேபிள் ஃபேன் வைத்து வேலை பார்த்தேன்.

பத்தொன்பதாம் நாள் ராத்திரி பதினொன்றரைக்கு ரெண்டர் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. ஓடிவருவதற்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம், மெஷின் அணைந்துவிட்டது. சுவிட்சை அணைத்து, டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் அந்தக் கன்வெர்ட்டரின் வெள்ளை முனை பழுப்பாகி இளகிப் பின்னோடு ஒட்டியிருந்தது. மஞ்சள் வயரின் உறை சுருங்கி உள்ளே செம்பு தெரிந்தது. மேஜையை ஒட்டித் திரைச்சீலை, பக்கத்து அறையில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஏன் கருகியது என்பதைப் பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எஸ்எம்பிஎஸ்ஸில் பெரிதாக ‘450’ என்று ஒட்டியிருந்தது. அதன் கீழே பொடி எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும், யாரும் பார்ப்பதில்லை. அதில் 12 வோல்ட்டுக்கு நேராக 16 ஆம்பியர் என்று போட்டிருந்தது. 12ஐ 16ஆல் பெருக்கினால் 192 வாட். இன்றைய கம்ப்யூட்டரில் ப்ராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் கிட்டத்தட்ட எல்லாப் பவரையும் அந்த 12 வோல்ட்டிலிருந்துதான் எடுக்கின்றன. ஆர்டிஎக்ஸ் 3060 மட்டுமே 170 வாட், ப்ராசஸர் 65க்கு மேல். ஆக, அவர்களுடைய லேபிளை அப்படியே நம்பினாலும் இந்த மெஷினுக்கு அது போதாது. இந்தக் கார்டுக்கு என்விடியா சொல்வது 550 வாட் சப்ளை.

கன்வெர்ட்டர் கணக்கு இன்னும் மோசம். கார்டு அதிகபட்சம் 75 வாட்டைப் போர்டின் ஸ்லாட் வழியாக எடுத்துக்கொள்ளும். மிச்சம் 100 வாட் அளவுக்கு அந்த 8 பின் வழியாக வர வேண்டும். கிட்டத்தட்ட 8 ஆம்பியர். 8 பின் கனெக்டரில் அந்தச் சுமையை மூன்று 12 வோல்ட் வயர்கள் பங்கிட்டுக்கொள்ளும். அந்தக் கன்வெர்ட்டரைச் செருகுவது எஸ்எம்பிஎஸ்ஸின் மோலெக்ஸ் என்ற 4 பின் முனையில். அதில் 12 வோல்ட்டுக்கு இருப்பது ஒரே ஒரு மஞ்சள் வயர். எனக்குக் கொடுத்தது ஒற்றை மோலெக்ஸ் கன்வெர்ட்டர். மூன்று பேர் தூக்க வேண்டிய மூட்டையை ஒருவன் தலையில் வைத்தாயிற்று, அவனும் நோஞ்சான்.

போர்டும் கார்டும் தப்பின. அதே வயரில் அடுத்த முனையில் செருகியிருந்த 2 டிபி ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. கல்யாண ஃபுட்டேஜ்கள் கேமரா கார்டில் இன்னொரு பிரதியாக இருந்தன. ஒரு வளைகாப்பு மட்டும் இல்லை, அந்தக் கார்டை ஃபார்மேட் செய்து அடுத்த வேலைக்குப் பயன்படுத்திவிட்டேன். அந்த வீட்டுக்கு நேரில் போய் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பெண்ணின் பாட்டி வளையல் போடும் இடத்தை நல்ல கிளோஸப்பில் எடுத்திருந்தேன். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. “விடுங்க தம்பி, போட்டோ இருக்குல்ல” என்றார்கள்.

செத்த எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிப் பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்தேன். 720 கிராம். பிறகு வாங்கிய 550 வாட் ப்ரான்ஸ் (மின்திறன் தரச்சான்று) சப்ளை அதே தராசில் ஒன்றே முக்கால் கிலோ. எடை மட்டுமே தரம் ஆகிவிடாது, ஆனால் கையில் தூக்கியதும் காற்றடைத்த பொட்டலம்போல் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

இருபத்தோராம் நாள் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். இந்த முறை முதலாளி பேசினார். கேபினட்டுக்கு வாரன்டி கிடையாது, ஃப்ரீயாகக் கொடுத்ததற்கு யாரும் பொறுப்பு இல்லை, நீங்களே பூட்டியதால் உங்கள் தவறு, தொழிலுக்கு வாங்கியிருக்கிறீர்கள் அதனால் நுகர்வோர் கேஸ் நிற்காது. நான்கும் தவறு என்பதை ஊருக்குத் திரும்பி விசாரித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்க மறுப்பது முறையற்ற வணிக நடவடிக்கை. பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. பில் கொடுக்காமல் இருப்பதும் அதே பட்டியலில் வருகிறது. ஒருவர் தன் பிழைப்புக்காகச் சுயதொழிலுக்கு வாங்கிய பொருளை வணிக நோக்கம் என்று ஒதுக்க முடியாது என்றும் அந்தச் சட்டமே விளக்கம் கொடுக்கிறது. கடை சென்னையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். பத்து நாளில் கடையிலிருந்து போன் வந்தது. 1,500 தருகிறேன், முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். ஹார்ட் டிஸ்க்கைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒப்புக்கொள்ளவில்லை. விழுப்புரம் மாவட்ட ஆணையத்துக்கு மனு தயாராகிறது. சரியான பில் இல்லாதது பெரிய பலவீனம். யுபிஐ ரசீதும், அன்றைக்கு மருமகன் ஷோகேஸ் கேபினட்டை எடுத்து நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோவும்தான் இப்போது எனக்குச் சாட்சி. போட்டோவில் விலைச் சீட்டும் விழுந்திருக்கிறது. அவனுக்கு நன்றி.

இப்போது ஓட்டுவது 3,400 ரூபாய் கேபினட். முன்பக்கம் நிஜமாகவே வலை, முன்னால் இரண்டு ஃபேன், பின்னால் ஒன்று. கண்ணாடிகூட இல்லை, சாதா தகரப் பலகை, விளக்கும் எரியாது. மே மாத வெயிலில் அதே ரெண்டருக்குக் கார்டு 74ஐத் தாண்டவில்லை. பட்ஜெட் கேபினட் என்றால் கெட்டது என்று நான் சொல்லவே இல்லை. கண்ணாடிக்கும் விளக்குக்கும் கொடுக்கிற காசைக் காற்றுக்குக் கொடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாக, பெயருள்ள கம்பெனியில், வாரன்டி பில்லோடு வாங்குங்கள். பெட்டியைக் கடையிலேயே பிரிக்க விடவில்லை என்றால் அடுத்த கடைக்கு நடங்கள், அந்தத் தெருவில் கடைக்குப் பஞ்சம் இல்லை. கார்டின் நீளத்தையும் ப்ராசஸர் கூலரின் உயரத்தையும் மில்லிமீட்டரில் எழுதி எடுத்துப் போங்கள். பணம் போடும் முன் மாடல் பெயரைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே கேபினட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ்ஸில் மோலெக்ஸ் கன்வெர்ட்டர் போட்டுக் கிராஃபிக்ஸ் கார்டு ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், இன்றைக்கே மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்த முனையைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளை முனை கொஞ்சம் மஞ்சள் தட்டியிருந்தால்கூட மறுபடி செருகாதீர்கள். புது சப்ளை வரும்வரை மெஷின் சும்மா கிடக்கட்டும்.