எங்கள் ஆபீஸ் கேன்டீன்: ஆம்லெட்டுக்கு ஐந்து நட்சத்திரம், நிர்வாகத்துக்கு ஒன்று

அமெரிக்காவில், வடக்கு வர்ஜீனியாவில் நான் வேலை பார்க்கும் ஃபெடரல் (மத்திய அரசு) கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு கேன்டீன் இருக்கிறது, ஆறு வருடமாக என் காலைச் சாப்பாடு பெரும்பாலும் அங்கேதான். முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஆம்லெட். கல்லில் நிற்பவர் எல் சால்வடோரைச் சேர்ந்த ஒரு அம்மா. நான் காரம் கேட்கிறவன் என்று தெரிந்ததிலிருந்து, என் தலையைப் பார்த்ததுமே ஹலபேன்யோ மிளகாயைப் பொடியாக நறுக்கி, வெங்காயத்தோடு ஓரம் முறுக வதக்கிவிட்டு, அப்புறம்தான் முட்டையை ஊற்றுவார். நம் ஊர் டீக்கடை ஆம்லெட்டுக்கு இந்தப் பக்கத்தில் இவ்வளவு கிட்டே வந்தது வேறு எதுவும் இல்லை. காபி சுமார். சூப் வரவர தண்ணீராகிறது, சாலட்டில் கீரை வாடிக் கிடக்கிறது.

வரிசைதான் பெரிய குறை. முன்பு கல்லில் இரண்டு பேர், கல்லாவில் இரண்டு பேர் இருப்பார்கள். இப்போது ஒவ்வொருவர்தான். போனவர்கள் இடத்துக்கு ஆள் வருவதில்லை, வந்தாலும் ஒரு மாதம் தாங்குவதில்லை, ஏனென்றால் புதிதாக வருபவர்களுக்குப் பழைய சம்பளம் கிடையாது.

இந்தக் கேன்டீனை அரசு நடத்தவில்லை, ஒப்பந்தக் கம்பெனி நடத்துகிறது. இப்படிப்பட்டவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயிப்பது பெரும்பாலும் ஜனாதிபதியின் ஒரு கையெழுத்து. 2013 மே மாதம் வாஷிங்டனில் ரீகன் கட்டடம், யூனியன் ஸ்டேஷன் போன்ற மத்திய அரசுக்குச் சொந்தமான இடங்களின் உணவகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், அடுத்த பிப்ரவரியில் ஒபாமா நிர்வாக உத்தரவு போட்டு மணிக்கு 10.10 டாலர் என்றார். பைடன் 2021ல் இன்னொரு உத்தரவு போட்டு அதை 15 ஆக்கினார், வருடா வருடம் ஏறி 2025ல் அது 17.75 ஆனது. 2025 மார்ச் 14 அன்று டிரம்ப் பைடனின் உத்தரவை ரத்து செய்தார். ஒபாமாவின் பழைய உத்தரவு தப்பியது, அதன் தொகையும் வருடா வருடம் ஏறி வந்ததால் அந்த வருடத்துக்கு அடிமட்டம் 13.30. மணிக்கு 4.45 டாலர் வித்தியாசம், 40 மணி நேரம் வேலை செய்தால் வாரத்துக்கு 178 டாலர்! வர்ஜீனியா மாநிலச் சட்டம் கைகொடுக்குமா என்றால், அது அப்போது 12.41தான். ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களின் சம்பளத்தில் எங்கள் கேன்டீன் கை வைக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் புதிய ஆட்களுக்கான அறிவிப்பு 14 டாலர் என்று ஒட்டியிருந்ததை நானே பார்த்தேன்.

பக்கத்துக் கட்டடத்துக் கேன்டீனில் தொழிற்சங்கம் இருக்கிறது, அங்கே கூலி சங்க ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது, கையெழுத்து மாறினால் அது மாறாது. கம்பெனியே மாறினாலும், அந்த ஒப்பந்தக் கூலிக்குக் கீழே அடுத்த கம்பெனி கொடுக்க முடியாது என்று 1965ஆம் ஆண்டு சேவை ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது. எங்கள் ஆட்களுக்கு இன்னும் சங்கம் இல்லை. சீக்கிரம் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

2025 அக்டோபர், நவம்பரில் செலவுக்குப் பணம் ஒதுக்கும் மசோதா நிறைவேறாமல் 43 நாள் மத்திய அரசு முடங்கியபோது கேன்டீனுக்கும் பூட்டு. அரசு ஊழியர்களுக்கு அந்த நாட்களின் சம்பளம் பின்னால் வந்துவிட்டது, 2019லேயே அதற்குச் சட்டம் இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. திரும்பத் திறந்த அன்று அந்த அம்மா கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டேன். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்ததை வாடகைக்குக் கொடுத்துவிட்டேன் என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்குள் மிளகாயை எடுத்து நறுக்க ஆரம்பித்துவிட்டார்.

காலை 7 மணிக்குத் திறக்கிறார்கள். ஆம்லெட் வேண்டுமென்றால் எட்டுக்குள் போய்விடுங்கள், வரிசை நகரவில்லை என்று கல்லில் நிற்பவரிடம் கோபப்படாதீர்கள். கருத்துப் படிவம் கல்லா பக்கத்தில் இருக்கிறது, ஆள் போடச் சொல்லி அதில் எழுதுங்கள். நான் மூன்று முறை எழுதிவிட்டேன்.