மார்கழிச் சென்னை: எந்தக் கிழமையில் எதைப் பார்ப்பது

காலையில் அருங்காட்சியகம், மாலையில் கச்சேரி. டிசம்பரில் ஊருக்கு வருகிறவர்களுக்குச் சென்னையில் இதைவிட நல்ல வரிசை இல்லை. அதைக் கெடுப்பது வார விடுமுறைதான். எழும்பூர் அரசு அருங்காட்சியகம், புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம் இரண்டுக்கும் வெள்ளி விடுமுறை. முட்டுக்காட்டில் உள்ள மரபுக் கலைக் காட்சியகமான தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய். நடன, இசைப் பள்ளியான கலாக்ஷேத்ராவைச் சுற்றிப் பார்க்க வார நாளில்தான் போகவேண்டும். ஆகவே வெள்ளிக்கிழமையைக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு ஒதுக்குங்கள். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966இல் உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமமும் தட்சிணசித்ராவும் ஒரே வழியில் இருக்கின்றன.

நுழைவுச் சீட்டில் இந்தியருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்குப் பல மடங்கு. ஓசிஐ (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கான) அட்டை உள்ளவர்களுக்குத் தேசிய நினைவுச்சின்னங்களிலும் அருங்காட்சியகங்களிலும் இந்தியர் கட்டணமே என்று மத்திய அரசின் அறிவிக்கை சொல்கிறது. கோட்டையில் இது நேரடியாகப் பொருந்தும். அட்டையின் மூலத்தையே கொண்டுபோங்கள். கைப்பேசிப் படத்தைக் காட்டினால் வாக்குவாதம்தான் மிஞ்சும். இந்திய எண் இல்லாவிட்டால் இணையப் பதிவு ஓடிபியில் நின்றுவிடும். பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்கள் கையில் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

எழும்பூர் வளாகத்தில் கட்டடங்கள் பல. பெரும்பாலோர் முன் கட்டடத்திலேயே களைத்துப்போய், செப்புத் திருமேனிக் கூடத்தை அரைமணியில் முடித்துவிடுகிறார்கள். அதைத் தலைகீழாகச் செய்யவேண்டும். காலை 9.30க்குத் திறந்ததும், பள்ளிக் கூட்டம் வருமுன், நேராகச் செப்புத் திருமேனிகளிடம் போங்கள். பாதி சிவன், பாதி உமையாக உள்ள திருவெண்காட்டு அர்த்தநாரிக்கு மூன்றே கைகள்: சிவன் பாதியில் இரண்டு, உமை பாதியில் ஒன்று. இடை வளைவு இடப்பக்கமும் வலப்பக்கமும் வேறு வேறாக இருப்பதை எதிரே நின்று ஒருமுறை, பக்கவாட்டில் நின்று ஒருமுறை பாருங்கள். திருவாலங்காட்டு நடராசருக்குத் திருவாசியும் (சுற்றி வரும் சுடர் வளையம்) விரிசடையும் இல்லை. அதனாலேயே தூக்கிய காலின் வீச்சு தடையில்லாமல் தெரிகிறது. பிரெஞ்சுச் சிற்பி ரோதான் இதைப் புகைப்படத்தில் பார்த்தே வியந்து எழுதினார். நமக்கு நேரிலேயே நிற்கக் கிடைக்கிறது. கண்ணாடிப் பிரதிபலிப்பு தொந்தரவு செய்தால் அரையடி நகர்ந்து, விளக்கை உடம்பால் மறைத்துக்கொள்ளுங்கள். பீடத்தில் உள்ள துளைகளையும் கவனியுங்கள். உலாவின்போது மூர்த்தியைக் கட்டித் தூக்க விட்டவை அவை. நாகப்பட்டினத்துப் புத்தர்களையும் விடக்கூடாது. அமராவதிக் கற்சிற்பங்களுக்குத் தனியாக ஒரு மணி நேரம் வையுங்கள்.

1909இல் கட்டிய தேசியக் கலைக்கூடக் கட்டடம் இதே வளாகத்தில் இருக்கிறது. வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். உள்ளே அனுமதி இல்லாத நாளிலும் வெளிச்சுவரின் செந்நிறக் கல்வேலைக்காகவே அதைச் சுற்றி வரலாம். அதே இர்வின் கை உயர்நீதிமன்றத்திலும் (1892) எழும்பூர் நிலையத்திலும் உண்டு. இவற்றைக் காரில் பார்ப்பது வீண். எழும்பூரில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் இறங்கினால் ரிப்பன் மாளிகை பக்கத்திலேயே. அங்கிருந்து நீலத் தடத்தில் ஒரே நிறுத்தம் உயர்நீதிமன்றம். வளாகத்துக்குள் விடுவது காவலரின் விருப்பம், எனவே சாலையிலிருந்தே பார்க்கும் திட்டத்தோடு போங்கள். கோட்டைக்குள் 1680இல் திறந்த செயின்ட் மேரி தேவாலயத்துக்கு அடையாள அட்டை வேண்டும். பிறகு கோட்டை நிலையத்தில் பறக்கும் ரயிலைப் பிடித்தால் சேப்பாக்கம், திருமயிலை. மெட்ரோ பணிகளால் லஸ் பக்கம் சாலைகள் திருப்பிவிடப்பட்டிருப்பதால், மயிலாப்பூருக்கு ஆட்டோவைவிட ரயிலே மேல்.

மியூசிக் அகாடமியின் விழா வழக்கமாக டிசம்பர் 15இல் தொடங்கி ஜனவரி 1 வரை நடக்கும். காலை எட்டு மணிச் செயல்விளக்க உரைகளுக்குக் கட்டணமில்லை. ராக இலக்கணம் கொஞ்சமாவது பழகியவர்கள் அவற்றைத் தவறவிடவே கூடாது. மாலைக் கச்சேரிகளுக்கு முன்வரிசைகள் சீசன் சீட்டுக்காரர்களிடம் போய்விடும். மிச்சம் அன்றன்றைக்குக் கவுண்ட்டரில். பெரிய பெயருக்காக வரிசையில் நிற்கும் நேரத்தில் வேறு சபாவில் (இசை அமைப்பில்) இரண்டு பகல் கச்சேரிகளைக் கேட்டுவிடலாம். நண்பகலிலும் பிற்பகலிலும் இளையவர்கள் பாடுகிறார்கள், பல சபாக்களில் இலவசம், பாட்டிலும் துணிச்சல் இருக்கிறது. வீணை, புல்லாங்குழலுக்கு லஸ் ராகசுதா போன்ற சிறு அரங்குகளே என் தேர்வு. பெரிய அரங்குகளில் மைக் மிருதங்கத்தைத் தூக்கி வீணையை அமுக்கிவிடும். ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே உட்காராமல் நடுவரிசை பாருங்கள். குளிர்சாதனம் கடுமை, சால்வை அவசியம்.

தாள வாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து கேன்டீனுக்குப் போவதை மட்டும் செய்யாதீர்கள். பக்கவாத்தியக்காரர் மாலை முழுக்கக் காத்திருப்பது அந்தப் பதினைந்து நிமிடத்துக்காக. கேன்டீனுக்குப் போக விரும்பினால் கச்சேரிக்கு முக்கால் மணி முன்பே போய்விடுங்கள். இடைவேளையில் இலை கிடைக்காது. கச்சேரி முடிந்ததும் வாசலில் ஆட்டோ தேடாமல், இருநூறு அடி நடந்து அடுத்த தெருவிலிருந்து செயலியில் அழைத்தால் சீக்கிரம் வண்டி வரும்.