ஏற்காடு ஏறுமா என்று கேட்காதீர்கள்: ஏழு சீட் டீசல் வண்டியோடு சில வருஷங்கள்

சேலத்தில் யாராவது பெரிய வண்டி எடுத்தால் முதல் கேள்வி இதுதான்: "ஏற்காடு எப்படி ஏறுது?" ஏறும். இன்று கடையில் நிற்கும் எந்த எஸ்யூவியும் இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறிவிடும். எங்கள் தெரு ஆட்டோவே ஏறுகிறது. வாங்குகிறவர் கேட்க வேண்டியவை வேறு இரண்டு. ஆள் நிறைந்து அது எப்படி இறங்கும்? மலைக்குப் போகாத மற்ற நாளெல்லாம் எங்கே ஓடும்?

எங்களுடையது ஏழு சீட் எஸ்யூவி, டீசல், மேனுவல் கியர். கம்பெனி பெயர் வேண்டாம். கீழே சொல்லும் தொல்லைகள் இந்த ரக வண்டிகள் பலவற்றுக்கும் பொதுவானவை. வீடு அஸ்தம்பட்டிப் பக்கம். தினமும் பிள்ளைகள் பள்ளி, ஐந்து ரோடு, கடைவீதி. லீவு கிடைத்தால் ஏற்காடு. பண்டிகைக்கு மட்டும் நெடுந்தூரம். சேலத்தில் பாதிக் குடும்பங்களின் ஓட்டம் இப்படித்தான் இருக்கும். இந்த ஓட்டத்துக்கு டீசல் ஒத்துவருமா என்பதை ஷோரூமில் யாரும் பேசுவதில்லை.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் கார்களின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. கரியைப் பிடித்து வைத்துக்கொண்டு, போதுமான சூடு ஏறும்போது அதை எரித்துச் சாம்பலாக்குவது அதன் வேலை. அந்தச் சூடு 600 டிகிரிக்குப் பக்கத்தில் வேண்டும். மூன்று கிலோமீட்டர் பள்ளிக்கூட ஓட்டத்தில், சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் வண்டியில், அது எப்படி ஏறும்? வடிகட்டி அடைகிறது என்று டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. சர்வீஸ் சென்டரில் சொன்னார்கள்: "வண்டி மேல குத்தமில்லைங்க. ஓட்டம் பத்தலைங்க." கேட்டபோது கோபம் வந்தது, ஆனால் சொன்னது சரி. அன்றே ஓமலூர் பக்கம் நாற்கர சாலையில் ஒரு கியர் குறைவாக வைத்து, 2,000 ஆர்பிஎம்முக்கு மேல், நிறுத்தாமல் இருபது நிமிஷம் போய்வந்ததும் விளக்கு அணைந்தது. இப்போது விளக்குக்குக் காத்திருப்பதில்லை. வாரத்துக்கு ஒரு தடவை தர்மபுரி ரோட்டில் ஒரு நடை. ஏற்காடு ஏற்றமும் இதற்கு நல்ல மருந்து.

விளக்கு எரிவதைவிடக் கவனிக்க வேண்டியது இன்னொன்று. கரியை எரிக்கும் வேலை நடக்கும்போது நாம் பாதியில் அணைத்து அணைத்துப் போட்டால், அதற்காகக் கூடுதலாகத் தெளிக்கப்படும் டீசலில் கொஞ்சம் எஞ்சின் ஆயிலில் இறங்கிவிடும். ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஆயில் மட்டம் ஏறியிருக்கும். மட்டம் குறைந்தால் பதறுகிற நாம், ஏறினால் கண்டுகொள்வதில்லை. நீர்த்துப்போன ஆயில் டர்போவுக்கு ஆகாது. புதிய டீசல் வண்டிகள் சிலவற்றில் புகையைச் சுத்தமாக்கும் யூரியா கரைசல் ஊற்றும் டேங்கும் தனியாக உண்டு. அது காலியானபின் வண்டியை அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. மலை ஏறுமுன் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி இறக்கம். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஏழு பேரும் மூட்டையும் சேர்ந்தால் வண்டி எடை இரண்டு டன்னைத் தாண்டும். அத்தனையையும் 1,200 மீட்டர் கீழே கொண்டுவர வேண்டும். அந்தச் சக்தி எங்காவது சூடாக வெளியேறித்தான் ஆக வேண்டும். எஞ்சின் வழியாக வெளியேறாதது எல்லாம் பிரேக்கில் ஏறும். ஞாயிறு சாயங்காலம் அடிவாரத்தில் நின்றால் கருகிய பேட் வாடை வரும் வண்டிகளை எண்ணிக்கொண்டே இருக்கலாம். பெரும்பாலானவை வெளியூர் வண்டிகள், பெரும்பாலும் ஆட்டோமேட்டிக். கியரை 'டி'-யில் (டிரைவ்) போட்டுவிட்டு பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கியவர்கள். தர்மபுரி ரோட்டில் தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரலில் வரும் லாரிகளைத் திட்டுகிற நாமே இங்கே அதில் பாதியைச் செய்கிறோம்.

மேனுவலில் இரண்டாவது கியர், செங்குத்தான வளைவில் முதல் கியர். டார்க் கன்வெர்டர் ஆட்டோமேட்டிக்கில் (கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக விசை கடத்தும் ரகம்) மேனுவல் மோடில் அதையே செய்யலாம். ஹைபிரிட், எலெக்ட்ரிக் வண்டிகளில் இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராகி வேகத்தைப் பிடித்துக்கொள்ளும், அருமையான வசதி. ஆனால் மேலே விடுதியில் ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு 100 சதவீதத்தோடு இறங்கினால் பேட்டரியில் வாங்கிக்கொள்ள இடமிருக்காது. முதல் சில வளைவுகளில் அந்தப் பிடிப்பு கிடைக்காது. 80 சதவீதத்தில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

மலை ஏறி இறங்குகிறவர்கள் தள்ளிப்போடக் கூடாத செலவு பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற ரகத்தில் புது ஆயில் 230 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 தான். கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் பெடல் தரைக்குப் போகும். கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். டெஃப்லான் கோட்டிங்கை நாம் கேட்காமலே தள்ளிவிடுபவர்கள் இதை வாயே திறப்பதில்லை.

மூன்றாவது வரிசை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குப் போதும். பெரியவர்கள் முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார வேண்டும், வளைவுகளில் வாந்தி முதலில் அங்கிருந்துதான் கிளம்பும். அந்த சீட்டை நிமிர்த்தினால் டிக்கியில் இரண்டு பைக்கு மேல் கொள்ளாது. என் அம்மாவுக்கு மூட்டு வலி. நடுவரிசைக்கு ஏறவே படி பொருத்த வேண்டியிருந்தது. எப்போதும் ஆறேழு பேர் போகிற குடும்பம் என்றால் இன்னோவா போன்ற எம்பிவிதான் (பல பேர் உட்காரும் குடும்ப வண்டி) சௌகரியம். மிடுக்குக் கொஞ்சம் குறைவுதான், முதுகு தப்பும்.

சின்னத் தொல்லைகளில் முதலாவது சஸ்பென்ஷன். ஸ்பீடு பிரேக்கரில் 'டக் டக்' என்று சத்தம் வந்தால் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க் என்ற இணைப்புக் கம்பி அல்லது புஷ் என்ற ரப்பர். பெரிய செலவில்லை, ஷாக் அப்சார்பரே மாற்ற வேண்டும் என்று ஆரம்பித்தால் இன்னொரு இடத்திலும் காட்டுங்கள். சன்ரூஃப் உள்ளவர்கள் எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரத்தடியில் நிறுத்தும்போது யோசியுங்கள். சருகு வடிகால் துளையை அடைத்தால் அடுத்த மழையில் தண்ணீர் உள்ளே இறங்கும். எலி, வயர்: இது சேலம் முழுக்க இருக்கும் கதை, பானட்டுக்கு அடியில் வலை அடிக்க வேண்டியதுதான்.

வாங்கப் போகிறவர்களுக்கு என் கணக்கு இது. ஊருக்குள்ளேயே ஓட்டம், மாதம் ஆயிரம் கிலோமீட்டர் தாண்டாது என்றால் பெட்ரோல் அல்லது ஹைபிரிட். வாராவாரம் பெங்களூரோ சென்னையோ போகிறவர் டீசல் எடுக்கலாம், இழுவைக்கு இன்றும் அதற்கு ஈடில்லை. மே மாதக் கோடை விழா நெரிசலில் வளைவுக்கு வளைவு ஊர்ந்து ஏறுவதற்கு டார்க் கன்வெர்டர்தான் நிம்மதி. டிரை கிளட்ச் டிசிடி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) அந்த ஊர்தலில் சூடாகி எச்சரிக்கை காட்டும். மேனுவலில் அரை கிளட்சில் நிற்காமல் ஹேண்ட் பிரேக் போடப் பழகுங்கள்.

விலை பேசும்போது எக்ஸ்-ஷோரூம் விலையை மட்டும் பார்க்காதீர்கள், சாலை வரியும் சேர்ந்த மொத்தத்தைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய எஸ்யூவிக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், செஸ் என்ற கூடுதல் வரி கிடையாது. நாலு மீட்டருக்கு உட்பட்ட சின்ன எஞ்சின் வண்டிக்கு 18. இந்த இடைவெளியே சின்ன வண்டியை மறுபடி யோசிக்க வைக்கும். தமிழ்நாட்டில் சாலை வரி 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதைத் தாண்டினால் 20. அந்த 20 லட்சக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் டாப் வேரியண்ட்டில் வெறும் சன்ரூஃபும் பெரிய வீலும்தான் கூடுதல் என்றால் ஒரு படி இறங்குங்கள். பெரிய வீலுக்கு டயர் மாற்றும்போதும் கூடுதலாகக் கேட்பார்கள்.

டெஸ்ட் டிரைவை ஜங்ஷன் மேம்பாலத்தோடு முடித்துவிடப் பார்ப்பார்கள். விடாதீர்கள். அடிவாரம் போய் நாலைந்து வளைவாவது ஏறி இறங்கக் கேளுங்கள். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேரும் ஏறட்டும், கடைசி வரிசையில் அந்த விற்பனைப் பையன் உட்காரட்டும்.