பேஸ்புக் பேஜ் கவர் படத்துக்கு 4,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன், நீங்களாவது கவனமாக இருங்கள்

நேற்று சாயங்காலம்தான் அந்தக் கடையிலிருந்து வந்தேன். ராத்திரி தூங்கவில்லை. கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டிலிருந்தே ஆரணிப் பட்டு விற்கிறேன். கடை கிடையாது, பேஸ்புக் பேஜ்தான் கடை. மேலே வருகிற கவர் படம்தான் எனக்குப் பெயர்ப்பலகை. ஆடி 18-க்கு முன்னால் அதை நல்லபடியாகச் செய்து போடலாம் என்று போய் 4,500 ரூபாயைத் தொலைத்திருக்கிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. பிளெக்ஸ், கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு அடித்துத் தருகிற கடை. மொட்டைமாடியில் காலை வெயிலில் நானே எடுத்த எட்டு போட்டோக்களைக் கொடுத்து, கோட்டையும் தெரியணும், சேலையும் தெரியணும் என்றேன். இரண்டாம் நாள் கடைக்காரர் கூப்பிட்டார். மானிட்டரை என் பக்கம் திருப்பினார். கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்து யாளித் தூண். அதன் மேல் என் கத்திரிப்பூ நிறச் சேலையின் முந்தானை வழிந்து கிடந்தது. "தூணை நானே போய் எடுத்தேன்க்கா, உங்க பேஜுக்குன்னே" என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். வேலை பாதிதான் முடிந்திருந்தது. "மீதிய நைட்டு முடிச்சு அனுப்புறேன்க்கா, நம்ம ஊரு, பாத்துக்கலாம்." பாதிப் பணம் கொடுக்கத்தான் போனேன், 4,500-ஐயும் மொத்தமாக ஜிபேயில் போட்டுவிட்டேன். பில் கேட்கவில்லை. கேட்டால் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடுமோ என்று கூச்சம்.

ராத்திரி பதினொன்றரைக்கு வாட்ஸ்அப்பில் படம் வந்தது. தூக்கக் கலக்கத்தில் அப்படியே பேஜில் ஏற்றிவிட்டேன். காலையில் ஒரு வாடிக்கையாளர் கேட்கிறார்: "மேல போட்டிருக்கிற தாழம்பூ ரேக்கு என்ன விலைங்க?" அந்தக் கரை வைத்த ரகமே நான் விற்பதில்லை. விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். என் முந்தானையை எடுத்துவிட்டு, யாருடையதோ ஒரு கோர்வைச் சேலையை (உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் கோத்து நெய்வது) ஒட்டியிருக்கிறார். சரிகையின் குறுக்கே ஒரு மங்கல் பட்டை, அழித்த எழுத்துகளின் வால் இன்னும் தெரிகிறது. படத்தை வைத்தே தேடித் தருகிற கூகுள் லென்ஸில் போட்டால் நேராகக் காஞ்சிபுரத்தில் ஒரு கடையின் பேஜுக்குப் போகிறது. அவர்கள் கேட்பதற்குள் நானே போன் செய்து மன்னிப்புக் கேட்டுப் படத்தை எடுத்தேன். ஆறு வருஷமாக என் சேலையை நானே படமெடுத்துத்தான் போடுகிறேன். அடுத்தவர் போட்டோவைத் திருடினவள் என்று பேர் வாங்கவா 4,500 ரூபாய் கொடுத்தேன்?

அதோடு விட்டதா? பேஜ் கவர் கம்ப்யூட்டரில் 820-க்கு 312 பிக்சலாகத் தெரியும், போனில் 640-க்கு 360. அதனால் போனில் இரண்டு ஓரமும் வெட்டுப்படும். இவர் பெயரைக் கொண்டுபோய் இடது ஓரத்தில் வைத்திருக்கிறார். 'ஆரணிப் பட்டு' போனில் 'ரணிப் பட்டு' ஆகிவிட்டது. என்னிடம் வாங்குகிறவர்கள் எல்லாரும் போனில் பார்க்கிறவர்கள். கீழே 'சேலை' என்ற சொல்லில் இரட்டைக்கொம்பு 'ச'வுக்குப் பின்னால் போய் விழுந்திருக்கிறது. இவர்தான் ஊருக்கெல்லாம் தமிழில் பத்திரிகை அடிக்கிறார்.

போன் செய்தால் முதல் நாள், "உங்க போட்டோ குவாலிட்டி பத்தலக்கா, அதான் மாத்தினோம்." மறுநாள், "டிசைனர் பையன் குடியாத்தம் போயிருக்கான்." அதற்கு மறுநாள், "பேஸ்புக்காரன் படத்தை அமுக்கிடுறான், அதுக்கு நாங்க இன்னா பண்றது?" நேற்று நேரிலேயே போனேன். முக்கால் மணி நேரம் ஸ்டூலில் உட்கார வைத்தார். அப்புறம், "டிசைன் குடுத்தாச்சு மேடம், பணம் திரும்ப வராது. வேணும்னா இன்னும் 1,500 குடுங்க, புதுசா போட்டுத் தரேன்." பணம் வாங்கும்வரை அக்கா, வாங்கினபின் மேடம். என் முந்தானையோடு அன்றைக்குக் காட்டிய அந்தப் பாதி டிசைனையாவது கொடுங்கள் என்றேன். அழித்துவிட்டார்களாம்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள், பில் வாங்குங்கள். மீதியைக் கொடுக்கும் முன் படத்தை பேஜில் ஏற்றி உங்கள் போனில் பாருங்கள். பெயர் நடுவில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், போட்டோவாக வந்தால் தரம் குறைந்துவிடும். லென்ஸில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

இன்று காலை நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறேன். என் கையில் இருப்பது 4,500 ரூபாய் போன ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் வாட்ஸ்அப் பேச்சும்தான். ஆடி 18-க்கு இன்னும் ஆறு நாள். பேஜ் மேலே கவர் இல்லாமல் மொட்டையாகக் கிடக்கிறது.