மூடிய கப்பலுக்குப் பாக்கிப் பணம் கொடுக்காதீர்கள்

பெங்களூரில் பிளாஸ்டிக் மாடல் கட்டுகிறவர்களுக்காக, அதிலும் விளக்கு வேலையையும் பெயின்ட் வேலையையும் வெளியாளிடம் ஒப்படைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்குப் போனது 14,000 ரூபாய். கிட்டின், அதாவது பாகங்களாக வரும் மாடல் பெட்டியின் விலையும், தனியாக வரவழைத்த பித்தளை பாகங்களின் விலையும் அதில் சேராது.

கிட், நாட்டிலஸ். ஜூல்ஸ் வெர்ன் கதையில் கேப்டன் நீமோ ஓட்டும் நீர்மூழ்கிக் கப்பல். 1954-ல் வந்த டிஸ்னி படத்துக்காக ஹார்பர் காஃப் வடிவமைத்த உருவம் அது. முதுகு நெடுக முள் வரிசை, உடம்பு முழுக்க ரிவெட், அதாவது தகடுகளை இணைக்கும் ஆணிகளின் குமிழ்கள். நீமோ பண்டேல்கண்டைச் சேர்ந்த இந்திய இளவரசர் என்று வெர்ன் பின்னால் எழுதிய நாவலில் சொல்கிறார். எனக்குச் சின்ன வயதில் இந்தக் கதையைச் சொன்னது அப்பா. எச்ஏஎல்-லில் 31 வருடம் விமான உடம்புக்கு ரிவெட் அடித்தவர். அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்குக் கொடுக்கத்தான் இந்தக் கப்பல்.

பாகங்களை வெட்டி, விளிம்பு சீவி, பொருத்திப் பார்ப்பது வரை இரண்டு மாதம் நானே செய்தேன். மர்ஃபி டவுனில் எங்களுடையது இரண்டு அறை வீடு. அதில் கம்ப்ரசர் வைத்து, காற்றோடு பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷ் அடிக்க வழியில்லை. அப்போதுதான் ஒரு நண்பர் மூலமாக அந்த ஆள் கிடைத்தார். கிருஷ்ணகிரிப் பக்கம், நம்ம ஊர் பேச்சு, வாய்க்கு வாய் அண்ணா. அவர் முன்பு செய்ததாகக் காட்டிய போட்டோக்கள் பிரமாதமாக இருந்தன. பாதிப் பணம் முன்பணமாகக் கொடுத்தேன். ரசீது கேட்கவில்லை. எந்தெந்த வேலை என்று ஒரு வரிகூட எழுதி வாங்கவில்லை. நம்மாளுதானே என்று இருந்துவிட்டேன்.

மூன்று வாரம் என்றது மூன்று மாதமானது. "சனிக்கிழமை முடிஞ்சிடும்ணா" என்று எத்தனையோ சனிக்கிழமை. உள்ளே சலூன், அதாவது கப்பலில் நீமோ உட்காரும் கூடம், எப்படி வந்திருக்கிறது, ஒரு போட்டோ அனுப்புங்கள் என்று விடாமல் கேட்டதும் ஒன்று அனுப்பினார். ஆர்கன் வாத்தியம், சோபா, புத்தக அலமாரி எல்லாம் மஞ்சள் வெளிச்சத்தில் அவ்வளவு அழகு. பின்னால் சுவரில் ஒரு பிளக் பாயின்ட் தெரிந்தது. இரண்டு தட்டைக் கோடு, கீழே ஒரு அரைவட்டத் துளை. நம் ஊர் சுவரில் இருப்பது மூன்று வட்டத் துளை. போட்டோ அமெரிக்காவில் யாரோ எடுத்தது. இதை நான் கவனித்தது எல்லாம் முடிந்த பிறகுதான்.

கப்பலை வாங்கப் போன நாள் பகல் வெளிச்சம். ஸ்விட்சைப் போட்டார், ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தது. பாக்கியை அங்கேயே யுபிஐ-யில் அனுப்பிவிட்டு வந்தேன்.

ராத்திரி வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டோம். விரலுக்கு அடியில் டார்ச் வைத்தால் சதை முழுக்கச் சிவப்பாகத் தெரியுமே, அதுபோல ஜன்னல் மட்டுமில்லாமல் கப்பலின் உடம்பே ஒளிர்ந்தது. இந்த பிளாஸ்டிக் மெல்லியது, வெளிச்சத்தை விட்டுவிடும். அதனால் உட்புறம் முழுக்க முதலில் கறுப்பு அடிக்க வேண்டும். அதன் மேல் வெள்ளையோ வெள்ளி நிறமோ அடித்தால் வெளிச்சம் ஜன்னல் வழியாக மட்டும் வரும். இணைப்பு ஓரத்தில் அலுமினிய டேப் ஒட்ட வேண்டும். இதில் எதுவுமே நடக்கவில்லை.

அப்பா பேசாமல் கப்பலைக் கையில் எடுத்தார். கட்டைவிரலை இணைப்புக் கோட்டின் மேல் மூக்கிலிருந்து வால் வரை ஓட்டினார். "இங்க ரிவெட் எங்கடா போச்சு?" என்றார். இரண்டு பாதியும் சேரும் இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தபோது, இரு பக்கமும் இருந்த ரிவெட் வரிசையையும் சேர்த்தே வழித்துவிட்டிருக்கிறார். ரிவெட்டுக்கு மேல் டேப் ஒட்டிக் காப்பாற்றிக்கொண்டு தேய்த்திருக்க வேண்டும். தப்பித்தவறி போனாலும், காகிதத்தில் வரிசையாகப் பதித்து வரும் ரெசின் ரிவெட் குமிழ்களை ஒட்டித் திரும்பக் கொண்டுவரலாம். என் கண்ணில் படாதது அப்பா விரலில் பட்டது.

ஆறாம் நாள் விளக்கு அணைந்துவிட்டது. பேட்டரி மாற்ற எங்கே திறப்பது என்று போனில் கேட்டேன். "மூடியாச்சுண்ணா, இனிமே திறக்க முடியாது" என்றார். பாலிஸ்டைரின் பசை இரண்டு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்கிவிடும், பிரித்தெடுக்க முடியாது என்பது உண்மைதான். அதற்காகத்தானே மூடுவதற்கு முன்பே ஒரு கதவு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கப்பலைப் பீடத்தில் தாங்கி நிறுத்தும் கம்பி வழியாக வயரை வெளியே எடுக்க வேண்டும்? அதற்கப்புறம் அவர் என் போனை எடுக்கவில்லை.

மெல்லிய ரம்பத்தால் நானே அறுத்துத் திறந்தேன். ஆறு எல்இடி, இரண்டு சிஆர் 2032 பட்டன் செல், எல்லாவற்றையும் சூடான பசையை ஊற்றி அப்பியிருந்தார். வெள்ளை எல்இடிக்கு ஏறக்குறைய 3 வோல்ட் போதும். 9 வோல்ட் பேட்டரியோடு, கரன்ட்டை மட்டுப்படுத்த எல்இடிக்கு ஒரு 330 ஓம் ரெசிஸ்டர் போட்டு, பேட்டரியை வெளியே பீடத்தில் வைத்திருந்தால் வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டில் இந்தச் சாமான் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

சலூனில் ஒன்றுமே இல்லை. கட்டைவிரல் நகத்தளவு ஆர்கன், அதன் பித்தளைக் குழல்கள், கைப்பிடிக் கம்பிகள், நான் தனித் தகடாக வாங்கிக் கொடுத்தவை, ஒன்றுகூட இல்லை. வெளியிலிருந்து ஏன் தெரியவில்லை என்றால் ஜன்னல் கண்ணாடி பனி படிந்ததுபோல வெளுத்திருந்தது. ஃபெவிக்விக் மாதிரியான சயனோஅக்ரிலேட் பசையின் ஆவி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் அப்படித்தான் படியும். ஜன்னலுக்கு ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசைதான் சரி, காய்ந்ததும் நிறமில்லாமல் போய்விடும். தெரியாமல் செய்தாரா, வெறும் அறையை மறைக்கச் செய்தாரா என்று நான் சொல்லப்போவதில்லை. பித்தளைத் தகடு தானாக நடந்து போகாது, அது மட்டும் நிச்சயம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 5 லட்சம் ரூபாய் வரையான தொகைக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். நான் கொடுக்கப்போகிறேன். என் கையில் இருப்பது யுபிஐ பதிவும் வாட்ஸ்அப் பேச்சும், அறுத்த கப்பலின் படங்களும்தான். அந்த அமெரிக்க பிளக் போட்டோவையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

நீங்கள் இப்போது யாரிடமாவது கிட்டைக் கொடுத்திருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை நேரில் போங்கள். இரண்டு பாதியும் ஒட்டாமல் இருக்கும்போதே உள்ளே பாருங்கள். கறுப்பு அடித்திருக்கிறதா, பேட்டரி எங்கே வருகிறது, உங்கள் பித்தளை பாகங்கள் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இன்றைய பேப்பரைப் பக்கத்தில் வைத்து நீங்களே படம் எடுங்கள். மூடிவிட்டேன் என்று சொன்னால், அறையை இருட்டாக்கச் சொல்லி ஸ்விட்சைப் போட்டுப் பாருங்கள். அதுவரைக்கும் பாக்கி உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும்.