பட்டு அட்டையா, பித்தளைப் பெட்டியா, பதக்கமா?

முதல் உலகப் போர் நினைவுப் பொருள்களைச் சேர்க்க வருகிறவர்கள் முதலில் அழகையும் விலையையும்தான் பார்க்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு: இதை வைத்து அந்தச் சிப்பாய் யாரென்று கண்டுபிடிக்க முடியுமா? பிரிட்டிஷ் படை சார்ந்த பொருள்களில் எளிதாகக் கிடைக்கும் மூன்றை இந்தக் கேள்வியை வைத்தே எடைபோடுகிறேன்.

பார்வைக்குப் பட்டு அட்டையை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. பிரான்சில் செய்து, அங்கிருந்த சிப்பாய்களுக்கு விற்ற தபால் அட்டைகள் இவை. மெல்லிய பட்டில் வண்ண நூலால் பூவேலை செய்து அட்டைச் சட்டத்தில் ஒட்டியிருப்பார்கள். நேச நாட்டுக் கொடிகளே இறக்கையாக விரிந்த வண்ணத்துப்பூச்சி, ரெஜிமென்ட் சின்னம், அம்மாவுக்கு அன்புடன் என்றொரு வரி. சில அட்டைகளில் பட்டு சின்னப் பைபோல மடிந்திருக்கும். உள்ளே ஒரு குட்டி வாழ்த்துச் சீட்டு.

ஆனால் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். பட்டு கசங்கக் கூடாதென்று கடிதத்தோடு உறைக்குள் வைத்து அனுப்பினார்கள். அதனால் முகவரியும் இல்லை, தபால் முத்திரையும் இல்லை. இருக்கும் இடத்தை எழுதத் தணிக்கை விடாது. கடைசியில் பென்சிலில் ‘ஜாக்’ என்று மட்டும் நிற்கும். எந்த ஜாக்? ரெஜிமென்ட் சின்னம் கொஞ்சம் உதவும், ஆனால் ஒரு ரெஜிமென்ட்டில் பல பட்டாலியன்கள், ஆயிரக்கணக்கான ஆட்கள். யாரும் சீண்டாத சாதாரணத் தபால் அட்டை இந்த விஷயத்தில் மேல். அதில் கள அஞ்சலக முத்திரையின் எண் தெளிவாக இருந்தால், அந்த அஞ்சலகம் எந்தப் படைப்பிரிவோடு இருந்தது என்று தேடிப் பிடிக்கலாம்.

பித்தளைப் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1914 கிறிஸ்துமஸுக்கு, பிரிட்டிஷ் மன்னரின் மகள் இளவரசி மேரியின் பெயரில் திரட்டிய நிதியில் செய்து படையினருக்குப் பரிசாகக் கொடுத்தது. மூடியில் அவர் முகம், உள்ளே புகையிலை, சிகரெட். புகைக்காதவருக்கு மிட்டாய், எழுதுபொருள். இந்தியச் சிப்பாய்கள் சிலருக்குக் கற்கண்டும் மசாலாவும் வைத்துக் கொடுத்தார்கள். 25 லட்சத்துக்கும் மேல் கொடுத்த பெட்டியில் யார் பெயரும் பொறிக்கவில்லை. குடும்பக் கடிதம் ஏதாவது கூடவே வந்தாலொழிய, தேட வழியே இல்லை.

பதக்கம் சிப்பாய் களத்திலிருந்து அனுப்பியது அல்ல, போருக்குப் பின் அரசு கொடுத்தது. ஆனாலும் என் ஓட்டு அதற்குத்தான். வெள்ளியாலான பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தின் விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: படை எண், பதவி, பெயர், ரெஜிமென்ட். அதிகாரிகளுடையதில் பதவியும் பெயரும்தான் இருக்கும். சாதாரணச் சிப்பாயுடையதில்தான் இவ்வளவும் கிடைக்கும். எண் ரெஜிமென்ட்டுக்கு ரெஜிமென்ட் தனித்தனியாகத் தரப்பட்டதால், எண்ணை மட்டும் நம்பாமல் பெயரையும் ரெஜிமென்ட்டையும் சேர்த்தே தேட வேண்டும். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பதக்க அட்டையில், அதாவது யாருக்கு என்ன பதக்கம் என்று குறித்துவைத்த பதிவு அட்டையில், தொடங்கலாம். அங்கிருந்து பதக்கப் பட்டியலுக்குப் போனால் பட்டாலியன் தெரியவரும். அப்புறம் அந்த பட்டாலியனின் போர் நாட்குறிப்பில், அவர்கள் எந்த நாளில் எங்கே இருந்தார்கள் என்பது வரை வந்துவிடலாம். சிப்பாய்களின் பணிக் கோப்புகளில் பெரும்பகுதி 1940 செப்டம்பரில் ஜெர்மன் குண்டுவீச்சில் எரிந்துபோனதால், இந்தச் சுற்றுவழிதான் பலருக்கும் மிச்சம்.

வாங்கும்முன் ஒரு எச்சரிக்கை. பழைய பெயரை அராவிவிட்டு வேறு பெயர் பொறித்த பதக்கங்கள் உண்டு. குறுக்களவு 36 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், குறைந்தால் சந்தேகப்படுங்கள்.

இந்தியச் சிப்பாய்களைத் தேடுவோருக்கு இந்த விளிம்பு இன்னும் பெரிய விஷயம். தொழிலாளர் படையினருக்கு அதே பதக்கத்தை வெண்கலத்தில் கொடுத்தார்கள். இராக்கில் உள்ள பஸ்ரா போர் நினைவிடத்திலோ இந்திய அதிகாரிகளுக்குத்தான் பெயர் பொறித்தார்கள். சாதாரணச் சிப்பாய்கள் ரெஜிமென்ட் வாரியாக வெறும் எண்ணிக்கையாக நின்றார்கள். நினைவிடத்தில் பெயர் வெட்டப்படாத ஒருவரின் பெயர் பதக்கத்தின் ஓரத்தில் இருக்கிறது என்பதை நினைத்தால், அதை உருக்கி விற்றவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இறந்தவர் குடும்பத்துக்குத் தந்த வெண்கலத் தகட்டில் பதவி, ரெஜிமென்ட் எதுவும் கிடையாது, பெயர் மட்டும்தான். எல்லோரும் சமம் என்ற நல்ல எண்ணத்தில் செய்தது. அபூர்வமான பெயராக இருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் ஆளைப் பிடித்துவிடலாம். ஸ்மித் என்றிருந்தால் கஷ்டம்.

எல்லாவற்றையும்விட மேலானது ஒரே குடும்பத்திலிருந்து பிரியாமல் வரும் கட்டு: பதக்கம், உறையோடு கடிதம், பட்டு அட்டை எல்லாம் சேர்ந்தே. தனித்தனியாக விற்றால் லாபம் என்று வியாபாரிகள் பிரிக்கிறார்கள். பிரித்தபின் அந்த ஜாக் யாரென்று சொல்ல ஆளில்லை. பட்டு அட்டை வாங்கப் போனால், இதோடு வந்த வேறு காகிதம் இருக்கிறதா என்று விலை பேசுவதற்கு முன்பே கேளுங்கள். வெறும் உறை என்று சொன்னாலும் சேர்த்து வாங்கிவிடுங்கள். முகவரி அதில்தான் இருக்கும்.